பத்தாயத்தின் சாவி யாரிடம்? வீட்டுச் சேவையகம் பற்றி வாசகர் கேள்விகள்

குடும்பத்தின் படங்களையும் ஆவணங்களையும் நிறுவனங்களின் கணினிகளில் வைக்காமல், வீட்டிலேயே ஒரு சிறிய கணினியில் கட்டற்ற மென்பொருளைக் கொண்டு வைத்துக்கொள்ளலாம் என்று சென்ற மாதம் ஒரே ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதற்குக் கும்பகோணம் தொடங்கி வேதாரண்யம் வரை டெல்டாப் பகுதியிலிருந்து வந்த கடிதங்கள் இந்த மாதப் பக்கங்கள் முழுவதையும் எடுத்துக்கொண்டுவிட்டன. பெயர் வெளியிட வேண்டாம் என்று சிலர் கேட்டிருந்ததால் எல்லோருக்குமே ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். மகன் வெளிநாட்டில் இருக்கிறான். பேரப்பிள்ளைகளின் படங்களால் கைப்பேசி நிரம்பிவிட்டது. மாதந்தோறும் பணம் கட்டினால் கூடுதல் இடம் தருவதாக அறிவிப்பு வந்துகொண்டே இருக்கிறது. வீட்டுச் சேவையகம் என்பது என்ன, என்னைப் போன்ற ஒருவர் அதை வைத்துக்கொள்ள இயலுமா, மின்கட்டணம் எவ்வளவு ஏறும் என்று விளக்க வேண்டுகிறேன். (கும்பகோணம்)

பதில்: சர்வர் என்றவுடன் உங்கள் ஊரில் டபராவும் தம்ளருமாகக் காபி கொண்டுவந்து வைப்பவர்தான் நினைவுக்கு வருவார், ஐயா. கணினிச் சர்வரும் அதே வேலையைத்தான் செய்கிறது: கேட்டதை எடுத்து வந்து கொடுக்கிறது. அதையே எழுத்துத் தமிழில் சேவையகம் என்கிறோம். இப்போது உங்கள் கைப்பேசி ஒரு படத்தைக் கேட்டால், எங்கோ ஒரு நிறுவனத்தின் கட்டடத்தில் இருக்கும் கணினி அதை எடுத்துத் தருகிறது. அந்தக் கணினி உங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தால் அதுவே வீட்டுச் சேவையகம்.

உங்கள் தலைமுறையினருக்குப் பத்தாயத்தைக் காட்டி விளக்குவது எளிது. அறுவடையான நெல்லை வீட்டுப் பத்தாயத்தில் கொட்டினால், எலி புகாமலும் ஈரம் தாக்காமலும் காப்பது உங்கள் பொறுப்பு. ஆனால் சாவி வீட்டில் இருக்கும், உள்ளே எத்தனை கலம் இருக்கிறது என்பது வெளியாருக்குத் தெரியாது. அதே நெல்லைப் பிறருடைய கிடங்கில் போட்டால் காவல் கவலை உங்களுக்கு இல்லை. ஆனால் வாடகையும் விதிமுறையும் கிடங்குக்காரர் வைத்ததுதான். கூகுள் ஃபோட்டோஸ் சேவை, சற்றே சுருக்கிய தரத்தில் எத்தனை படங்களை வேண்டுமானாலும் ஒரு காலத்தில் கட்டணமின்றி ஏற்றுக்கொண்டது. 2021 ஜூன் 1 முதல் ஏற்றப்படும் படங்கள், மின்னஞ்சலுக்கும் டிரைவுக்கும் சேர்த்துத் தரப்படும் 15 ஜிகாபைட்டுக்குள் கணக்கிடப்படுகின்றன. இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் மாற்றினார்கள். ஆனால் மாற்றும் உரிமை அவர்களிடம் இருந்தது, உங்களிடம் இல்லை.

கருவி என்று பார்த்தால், கைக்குள் அடங்கும் ராஸ்பெரி பை போன்ற ஒற்றைப் பலகைக் கணினியும் போதும், மகன் விட்டுச்சென்ற பழைய மடிக்கணினியும் போதும். நான் பழைய மடிக்கணினியையே முதலில் சொல்வேன், அதன் காரணத்தைக் கீழே வேதாரண்யத்து வாசகருக்கான பதிலில் எழுதியிருக்கிறேன். மின்சாரக் கணக்கு இதுதான்: 6 வாட் எடுக்கும் சிறு பலகை இரவும் பகலும் ஓடினால், இரண்டு மாதக் கணக்கெடுப்பில் ஏறக்குறைய 9 யூனிட் ஆகும், 20 வாட் எடுக்கும் மடிக்கணினி என்றால் 29 யூனிட். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமின்றிக் கிடைக்கும் நம் மாநிலத்தில் இது பெரும் சுமையன்று. பழைய மேசைக் கணினியைப் பயன்படுத்த வேண்டாம். 60 வாட் எடுத்தால்கூட 86 யூனிட்டை அது ஒன்றே விழுங்கிவிடும்.

படம் ஒன்று 5 மெகாபைட் என்று வைத்துக்கொண்டால், 1 டெராபைட் வட்டில் (ஹார்டு டிஸ்க்கில்) 2 லட்சம் படங்கள் அடங்கும். இயங்குதளமாக டெபியனைப் போடலாம். 1993 முதல் தன்னார்வலர்களால் வளர்க்கப்பட்டு வரும், லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தின் ஒரு வகை அது. கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டச்சு செய்ய அஞ்சுவோர், உலாவியில் திறக்கும் ஒரு பக்கத்திலிருந்தே எல்லாவற்றையும் நிர்வகிக்கத்தக்க ஃபிரீடம்பாக்ஸைப் பார்க்கலாம். மக்கள் தங்கள் தரவை வீட்டிலேயே ஒரு சிறு பெட்டியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டப் பேராசிரியர் எபன் மோக்லன் 2010 பிப்ரவரியில் நியூயார்க்கில் ஆற்றிய உரையிலிருந்து பிறந்த திட்டம் அது. படங்களுக்கு மட்டும் என்றால் இம்மிச், ஆவணங்களும் நாட்காட்டியும் தொடர்பு எண்களும் சேர்த்து என்றால் நெக்ஸ்ட்கிளவுட் என்ற மென்பொருள் பொருந்தும்.

இயலுமா என்று கேட்டீர்கள். மாதத்துக்கு ஓரிரு மணி நேரம் உட்கார்ந்து புதுப்பித்தல்களையும் காப்பு நகலையும் சரிபார்க்க உங்களாலோ, வெளிநாட்டிலிருந்தே மகனாலோ முடியும் என்றால் இயலும். முடியாது என்றால் ஒரு புற வட்டை வாங்கி, மாதம் ஒருமுறை கைப்பேசிப் படங்களை அதில் நகலெடுத்துப் பீரோவில் வையுங்கள். பேரப்பிள்ளைகளின் படங்களைக் காக்க அதுவே போதும், அதில் குறைவு எதுவும் இல்லை.

கேள்வி: இலவச மென்பொருள்தானே, அதை நம்பிக் குடும்ப ஆவணங்களை எப்படி ஒப்படைப்பது? கடையில் இதற்கென்றே தயாராக விற்கும் பெட்டியை வாங்கிவிட்டால் என்ன? (தஞ்சாவூர்)

பதில்: ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் விடுதலைக்கும் ‘ஃப்ரீ’ என்ற ஒரே சொல் இருப்பதால் அங்கே இந்தக் குழப்பம் ஓயாது. தமிழில் இலவசம் வேறு, கட்டற்றது வேறு. 1983-இல் குனு என்ற கட்டற்ற இயங்குதளத் திட்டத்தை அறிவித்த ரிச்சர்டு ஸ்டால்மன் வலியுறுத்தி வந்தது விலையை அன்று: மென்பொருளை எக்காரணத்துக்கும் இயக்கவும், உள்ளே இருப்பதைப் படித்து மாற்றவும், பிறருக்குப் படியெடுத்துத் தரவும், மாற்றியதைப் பகிரவும் பயனருக்கு உரிமை வேண்டும் என்பதைத்தான். காசு கொடுத்து வாங்கினாலும் இந்த உரிமைகள் இருந்தால் அது கட்டற்ற மென்பொருளே. காசே வாங்காவிட்டாலும் இவை இல்லையென்றால் அது கட்டற்றதன்று.

இந்த உரிமையால் நடைமுறையில் என்ன பயன் என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன். ஓன்கிளவுட் மென்பொருளைத் தொடங்கிய ஃபிராங்க் கார்லிட்செக், 2016-இல் அந்த நிறுவனத்தை விட்டு விலகி, அதே நிரல்களை எடுத்துக்கொண்டு நெக்ஸ்ட்கிளவுட்டைத் தொடங்கினார். எம்பி என்ற ஊடகச் சேவையகம் தன் நிரல்களை மூடிக்கொண்டபோது, அதுவரை திறந்திருந்த பகுதியிலிருந்து 2018-இன் இறுதியில் ஜெல்லிஃபின் பிறந்தது. இரண்டிலும் உரிமையாளர் மனம் மாறியபின்னும் பயனர் நடுத்தெருவில் நிற்கவில்லை. தயாராக விற்கும் பெட்டியில் மூடிய மென்பொருள் இருந்தால், தயாரித்தவர் புதுப்பித்தலை நிறுத்தும் நாளில் நல்ல நிலையில் இருக்கும் பெட்டியும் பாதுகாப்பற்றதாகிவிடும். அமைக்க நேரமில்லாதவர் அதை வாங்கட்டும், ஆனால் எத்தனை ஆண்டுகளுக்குப் புதுப்பித்தல் தருவார்கள் என்று கடைக்காரரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நிரல் திறந்திருப்பதாலேயே பிழை இருக்காது என்றும் எண்ண வேண்டாம். இணையத்தில் செல்லும் தகவலைப் பிறர் படிக்க இயலாதபடி பூட்டும் ஓபன்எஸ்எஸ்எல் நிரலில் இருந்த ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை, யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய இடத்தில் இரண்டாண்டுகள் கிடந்து, 2014 ஏப்ரலில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. பார்க்கலாம் என்பதும் பார்த்தார்கள் என்பதும் ஒன்றன்று.

கேள்வி: பழைய மடிக்கணினியில் நெக்ஸ்ட்கிளவுட் நிறுவிவிட்டேன். வீட்டு வைஃபையில் நன்றாக இயங்குகிறது. வெளியிலிருந்து திறக்க இயலவில்லை. ரௌட்டரில் போர்ட் (வெளியிலிருந்து இணைப்பு உள்ளே வரும் எண்ணிட்ட வழி) திறந்தும் பயனில்லை. ஃபைபர் இணைப்புதான், வேகத்துக்குக் குறைவில்லை. எங்கே தவறு செய்கிறேன்? (மன்னார்குடி)

பதில்: நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. இணையத்தில் கருவிகளுக்கு முகவரி தரும் ஐ.பி. முறையின் நான்காம் பதிப்பில் உள்ள முகவரிகள் மொத்தமே ஏறத்தாழ 430 கோடிதான். உலகில் உள்ள கருவிகளுக்கு அவை போதா. அதனால் இணையச் சேவை நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்திவைக்கின்றன. ஒரே கதவெண்ணில் நாற்பது ஒண்டுக்குடித்தனங்கள் இருந்தால், உள்ளிருப்பவர் வெளியே கடிதம் போடுவதில் சிக்கல் இல்லை. வெளியிலிருந்து கதவெண்ணை மட்டும் எழுதி வரும் கடிதத்தை எந்தக் குடித்தனத்தில் கொடுப்பது என்று தபால்காரருக்குத் தெரியாது. உங்கள் ரௌட்டர் என்பது உங்கள் குடித்தனத்தின் கதவு. அதைத் திறந்தீர்கள், ஆனால் வாசற்கதவு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. ரௌட்டரின் நிலைப் பக்கத்தில் தெரியும் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், அல்லது உங்கள் முகவரியைக் காட்டும் இணையதளங்கள் சொல்வதிலிருந்து அது வேறுபட்டால், நிலைமை இதுதான் என்று உறுதி செய்துகொள்ளலாம்.

வழிகள் சில உண்டு. ஐ.பி. ஆறாம் பதிப்பு முகவரி உங்கள் இணைப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பொது முகவரியே கிடைத்துவிடும், ஆனால் நீங்கள் இருக்கும் வெளியிடத்து இணைப்பிலும் அது இருக்க வேண்டும். நிறுவனத்திடம் கூடுதல் கட்டணம் செலுத்தி நிலையான முகவரி கேட்பது இன்னொரு வழி. மூன்றாவதாக, மாத வாடகைக்குக் கிடைக்கும் சிறிய இணையச் சேவையகம் ஒன்றை எடுத்து, அதற்கும் வீட்டுக்கும் இடையே வயர்கார்டு என்ற மறையாக்கச் சுரங்கத்தை, அதாவது சாவி உள்ளவர் மட்டுமே படிக்கும்படி தரவைக் குறியீடாக மாற்றி அனுப்பும் வழியை, அமைக்கலாம். வீட்டுக் கணினியே வெளியே சென்று இணைப்பை ஏற்படுத்துவதால் வாசற்கதவுச் சிக்கல் எழாது. வயர்கார்டு 2020 மார்ச்சில் வெளியான 5.6 பதிப்பு முதல் லினக்ஸின் மையப் பகுதியிலேயே (கெர்னலிலேயே) இடம்பெற்றுவிட்டது. உரிய சாவி இல்லாமல் தட்டுபவருக்கு அது மறுமொழியே தராது என்பதால், அங்கே ஒரு கதவு இருப்பதையே அந்நியர் அறிய மாட்டார். இதையே எளிதாக்கித் தரும் டெயில்ஸ்கேல் போன்ற சேவைகளும் உண்டு. அதன் ஒருங்கிணைப்புச் சேவையகம் கட்டற்றதன்று, அது வேண்டாதவர்களுக்கு ஹெட்ஸ்கேல் என்ற கட்டற்ற மாற்று இருக்கிறது.

இவ்வளவையும் எழுதிவிட்டு ஒன்று கேட்கிறேன்: வெளியிலிருந்து திறந்தே ஆக வேண்டுமா? வீட்டுக்கு வந்து வைஃபையில் சேர்ந்தவுடன் அன்றைய படங்கள் தாமாகச் சேவையகத்துக்குப் போய்விட்டால் பெரும்பாலான குடும்பங்களுக்கு அது போதும். ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது என்பதற்காக எல்லா மதகுகளையும் திறந்து வைப்பதில்லை. பொது முகவரியில் ஒரு போர்ட்டைத் திறந்து வைத்தால், இணையத்தில் இரவும் பகலும் கதவு தட்டிக்கொண்டே திரியும் தானியங்கி நிரல்கள் சில மணி நேரத்துக்குள் உங்கள் வீட்டையும் தட்டத் தொடங்கிவிடும். தேவைப்படும்போது வயர்கார்டு மட்டும் போதும் என்பதே என் கருத்து.

கேள்வி: மின்னஞ்சல் சேவையகத்தையும் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா? (திருவாரூர்)

பதில்: வேண்டாம். அனுப்பும் முகவரிக்கு நற்பெயர் இருந்தால்தான் பெரிய நிறுவனங்களின் சேவையகங்கள் கடிதத்தை உள்ளே விடும். வீட்டு இணைப்புகளின் முகவரிகள் பெரும்பாலும் முன்கூட்டியே விலக்குப் பட்டியலில் இருக்கும், மின்னஞ்சல் அனுப்பப் பயன்படும் 25-ஆம் எண் போர்ட்டையும் பல நிறுவனங்கள் அடைத்து வைத்திருக்கும். எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்று எல்லாச் சான்றுகளையும் சரியாக வைத்தாலும், உங்கள் கடிதம் எரித (ஸ்பேம்) அஞ்சல் பெட்டிக்குள் விழுந்ததா என்பது உங்களுக்குத் தெரியாது. சொந்தப் பெயரில் ஒரு தளப்பெயர் (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் டொமைன்) வாங்கி, நம்பத்தக்க ஒரு மின்னஞ்சல் நிறுவனத்திடம் அதை இணைத்துவிடுங்கள். பிறகு நிறுவனத்தை மாற்றினாலும் முகவரி உங்களுடையதாகவே இருக்கும்.

கேள்வி: கூட்டுக்குடும்பமாக இருக்கிறோம். என் கொழுந்தனார் வீட்டில் ஒரு சேவையகம் அமைத்து, எல்லோருடைய கைப்பேசிகளிலும் செயலியை நிறுவிக் கொடுத்திருக்கிறார். நல்ல எண்ணத்தில் செய்ததுதான், அதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் என் படங்களை அவரால் பார்க்க முடியுமா என்று அவரிடமே கேட்க இயலவில்லை. (மயிலாடுதுறை)

பதில்: இம்முறை வந்த கேள்விகளில் மிக முக்கியமானது உங்களுடையது, அம்மா. இதைப் போன்ற கேள்வியை எதிர்பார்க்காமல் சென்ற மாதப் பத்தியை எழுதியது என் குறை.

நேரடியான விடை: முடியும். இம்மிச், நெக்ஸ்ட்கிளவுட் இரண்டிலும் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு உண்டு. செயலியைத் திறந்தால் ஒருவர் படம் இன்னொருவருக்குத் தெரியாது, நிர்வாகிக்கும் தெரியாது. ஆனால் அந்தப் படங்கள் கோப்புகளாகத்தான் வட்டில் இருக்கின்றன. கணினியின் முதன்மைக் கடவுச்சொல் வைத்திருப்பவர் அந்தக் கோப்புறையைத் திறந்தால் எல்லாமே தெரியும். வட்டு முழுவதும் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது என்று சொல்லக்கூடும். அது கணினியைத் திருடிச் செல்பவரிடமிருந்து காக்குமேயன்றி, ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் நிர்வாகியிடமிருந்து காக்காது. பத்தாயத்துக்குப் பூட்டு இருக்கிறதா என்பதோடு விசாரணை முடிவதில்லை, சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். அவர் பார்த்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. பார்க்க மாட்டார் என்பது அவருடைய நற்குணத்தைச் சார்ந்திருக்கிறது, அமைப்பைச் சார்ந்திருக்கவில்லை என்று மட்டுமே சொல்கிறேன்.

வெளி நிறுவனத்தில் வேலை செய்யும் பொறியாளருக்கு உங்களைத் தெரியாது. அவர் உங்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடப் போவதில்லை. முன்பின் அறியாதவர் பார்ப்பதைவிடத் தெரிந்தவர் பார்க்கக்கூடும் என்ற நினைப்பே சில வேளைகளில் கூடுதல் சங்கடம் தருவது. தனியுரிமைக்காக வீட்டுச் சேவையகம் என்று பேசுகிறவர்கள், நானும் அதில் அடக்கம், குடும்பம் என்பதை ஒரே ஆளாக எண்ணிக்கொண்டு பேசிவிடுகிறோம்.

நீங்கள் செய்யத்தக்கவை உண்டு. செயலியின் அமைப்புகளுக்குள் சென்றால், கைப்பேசியின் எந்தெந்தக் கோப்புறைகள் தாமாக ஏற்றப்பட வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். வாட்ஸ்அப் படங்கள், திரைப்பிடிப்புகள் ஆகியவை பலருக்கும் தெரியாமலேயே போய்க்கொண்டிருக்கும். முதலில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, பகிர விரும்பும் ஒரு கோப்புறையை மட்டும் விடுங்கள். ஏற்கெனவே போனதை நீக்கினாலும் பழைய காப்பு நகல்களில் அது சில காலம் இருக்கும் என்பதை அறிந்துகொள்ளுங்கள். தனிப்பட்ட ஆவணங்களைச் சேவையகத்திலேயே வைக்க வேண்டுமென்றால், கிரிப்டோமேட்டர் என்ற கட்டற்ற செயலி உங்கள் கருவியிலேயே கோப்பைப் பூட்டிவிட்டுப் பிறகு அனுப்பும். நிர்வாகிக்கு வெறும் குறியீட்டுக் குப்பைதான் தெரியும். படங்களுக்கு அதே முறையில் இயங்குவது என்டே. அதன் சேவையக நிரலையும் 2024-இல் கட்டற்றதாக வெளியிட்டுவிட்டார்கள், வீட்டிலும் நிறுவலாம். இவ்வகைச் செயலிகளில் கடவுச்சொல்லை மறந்தால் கொழுந்தனாரும் மீட்டுத்தர இயலாது, ஆகவே அதை எங்காவது எழுதிப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுச் சேவையகம் வைத்திருப்போர் பலர் விளம்பரங்களைத் தடுக்கப் பை-ஹோல் என்ற நிரலையும் சேர்த்து நிறுவுவர். வீட்டின் எந்தக் கைப்பேசி எந்த நேரத்தில் எந்த இணையதளத்தின் பெயரைக் கேட்டது என்று அது பதிவு வைக்கும். தளத்துக்குள் என்ன படித்தீர்கள் என்பது அதற்குத் தெரியாது. ஆனால் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் பெயரோ வேலைவாய்ப்புத் தளத்தின் பெயரோ பட்டியலில் இருந்தாலே வீட்டில் கதை கட்டப் போதுமானது. அந்தப் பதிவைக் குறைக்கவும் மறைக்கவும் பை-ஹோலிலேயே தனியுரிமை நிலைகள் உள்ளன. வீட்டில் இதை நிர்வகிக்கும் ஆண்கள், பெரும்பாலும் ஆண்களே அதைச் செய்கிறார்கள், கேட்பதற்கு முன்பே அந்தப் பதிவை நிறுத்திவிட்டு, தங்களால் எதைப் பார்க்க முடியும், எதைப் பார்க்க முடியாது என்பதைக் குடும்பத்தார் எல்லோரையும் வைத்துக்கொண்டு சொல்லிவிடுவதுதான் முறை. நேரில் கேட்கத் தயக்கம் என்றால் இந்தப் பக்கத்தைக் கூடத்தில் விரித்து வைத்துவிடுங்கள், படிக்க வேண்டியவர் படிப்பார்.

கேள்வி: எங்கள் பகுதியில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல இயலாது, புயல் வந்தால் வாரக்கணக்கில் இருக்காது. கடற்காற்று வேறு. இங்கே சேவையகம் வைப்பது அறிவுடைமையா? (வேதாரண்யம்)

பதில்: 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் உங்கள் ஊருக்கும் இடையே கரையைக் கடந்தபின், மின்கம்பங்கள் சாய்ந்து ஊர்கள் இருண்டு கிடந்த நாட்களை நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்ட நாளில் சேவையகம் ஓடவில்லை என்பது யாருக்கும் கவலையாக இராது. மின்சாரம் திரும்பிய பின் அது எழுந்திருக்குமா, எழாவிட்டால் உள்ளே இருந்தவற்றின் இன்னொரு நகல் புயல் தொடாத ஊரில் இருக்கிறதா என்பதே கேட்க வேண்டியது.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். என் முதல் சேவையகம் ஒரு சிறு பலகையில், மெமரி கார்டில் ஓடியது. கோடையில் ஒரு நாளுக்கு நான்கைந்து முறை மின்சாரம் போய்வந்த ஒரு வாரத்தில் அந்தக் கார்டு படிக்கவே இயலாததாகிவிட்டது. எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் அறுவதை அவ்வகைக் கார்டுகள் தாங்குவதில்லை. அதைவிடக் கொடுமை, இரவுதோறும் காப்பு நகல் எடுக்கப்படுவதாக நான் நம்பியிருந்தேன். புற வட்டைக் கழற்றி மாட்டியதில் அதன் பெயர் கணினிக்குள் மாறிப்போய், மூன்று மாதங்களாக ஒரு நகல்கூட எடுக்கப்படவில்லை. அன்று முதல், காப்பு நகலிலிருந்து ஏதேனும் ஒரு கோப்பை மீட்டுப் பார்க்காத மாதத்தை நான் காப்பு நகல் எடுத்த மாதமாகக் கணக்கில் வைப்பதில்லை.

மடிக்கணினியை நான் பரிந்துரைப்பது இதற்காகத்தான்: அதற்குள்ளேயே பேட்டரி இருக்கிறது. எந்நேரமும் மின்னேற்றத்தில் இருக்கும் பழைய பேட்டரி உப்பிவிடக்கூடும் என்பதால், வசதி இருந்தால் மின்னேற்றத்தை 80 விழுக்காட்டோடு நிறுத்தும்படி அமையுங்கள், மாதம் ஒருமுறை அடிப்பக்கத்தைத் தடவியும் பாருங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் இணைப்பதானால், அதன் பின்புறப் பொத்தான் யு.பி.எஸ். நிலையில் இருக்க வேண்டும். மற்றொரு நிலையில் மாறுவதற்கு எடுக்கும் கணப்பொழுதில் மின்விசிறி நிற்காது, ஆனால் கணினி அணைந்து எழும். ரௌட்டருக்கென்று கிடைக்கும் 12 வோல்ட் சிறு யு.பி.எஸ்ஸை 5 வோல்ட் பலகையில் செருகிவிடாதீர்கள். பரணில் வைக்க வேண்டாம். ராஸ்பெரி பை 80 டிகிரி செல்சியஸைத் தொட்டால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், சித்திரை மாதத்து ஓட்டுக்கூரையின் அடியில் அது அரிதன்று. உப்புக்காற்றுக்கு எதிராகச் சன்னலோரத்தைத் தவிர்ப்பதும், செருகிகளை ஆண்டுக்கு இருமுறை துடைப்பதும்தான் என்னால் சொல்ல முடிந்தவை.

காப்பு நகலுக்குப் போர்க் அல்லது ரெஸ்டிக் போதும். ரெஸ்டிக் எப்போதும் மறையாக்கம் செய்தே எழுதும், போர்க்கில் அதைத் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டும் மாறிய பகுதியை மட்டும் சேர்க்கும். ஒத்திசைவைக் காப்பு நகல் என்று எண்ணிவிட வேண்டாம், ஓரிடத்தில் அழித்தது மறு இடத்திலும் அழிந்துவிடும். இரண்டு வட்டுகளை வாங்கி, ஒன்றை வீட்டிலும் மற்றொன்றைத் திருச்சியிலோ மதுரையிலோ உள்ள உறவினர் வீட்டிலும் வைத்து, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது மாற்றிக்கொண்டு வாருங்கள். பூட்டிய வட்டு என்பதால் அவர்கள் வீட்டில் இருப்பதில் தயக்கம் வேண்டாம்.

கேள்வி: வீட்டில் சேவையகம் வைக்க உரிமம் வேண்டுமா? நான் டியூஷன் மையமும் நடத்துகிறேன். (திருத்துறைப்பூண்டி)

பதில்: உங்கள் சொந்தப் படங்களுக்கும் ஆவணங்களுக்கும் உரிமம் எதுவும் வேண்டாம். தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. அதன் பின் வந்த 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், ஒருவர் தம் சொந்தத் தேவைக்கோ வீட்டுத் தேவைக்கோ கையாளும் தரவுக்குப் பொருந்தாது. டியூஷன் மாணவர்களின் பெயர், தொலைபேசி எண், மதிப்பெண் ஆகியவை வீட்டுத் தேவையில் அடங்கா. அவற்றைக் குடும்பப் படங்களோடு ஒரே கணக்கில் கலந்து வைக்காதீர்கள். அவர்கள் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்பதால் பெற்றோரின் ஒப்புதல் பற்றியும் சட்டம் பேசுகிறது, ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

கேள்வி: வீட்டில் எல்லாவற்றையும் நானே அமைத்து நானே பார்த்துக்கொள்கிறேன். எனக்கு வயது அறுபத்தெட்டு. எனக்குப் பின் என் மனைவியும் மகள்களும் இதை என்ன செய்வார்கள் என்ற எண்ணம் இப்போது வருகிறது. (பட்டுக்கோட்டை)

பதில்: உங்கள் குடும்பத்தார் சேவையகத்தைத் தொடர்ந்து நடத்துவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள்; அதிலிருந்து தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு அதை அணைத்துவிட அவர்களுக்குத் தெரிந்தால் போதும். அதற்கு வேண்டியது ஒரு தாள். கணினிக்குள் வைத்த தாள் அன்று, நிலப்பத்திரங்களோடு வைக்கும் தாள். எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது, திறக்கும் கடவுச்சொல் என்ன, வட்டின் மறையாக்கச் சொற்றொடர் என்ன, தளப்பெயரை எந்த மாதத்தில் எங்கே புதுப்பிக்க வேண்டும், அதற்கு யாருடைய அட்டையிலிருந்து பணம் போகிறது, சிக்கல் வந்தால் யாரை அழைக்கலாம் என்பவற்றைத் தமிழில், கலைச்சொற்கள் இல்லாமல் எழுதுங்கள். தளப்பெயர் காலாவதியானால் அதில் இயங்கும் மின்னஞ்சலும் நின்றுபோய், அந்த மின்னஞ்சலை நம்பியிருக்கும் வங்கிக் கணக்கு வரை சிக்கல் நீளும் என்பதால் அந்த ஒரு வரியைச் சிவப்பு மையில் எழுதலாம். எழுதிய தாளை மகளிடம் கொடுத்து, நீங்கள் பக்கத்தில் நின்றும் வாய் திறக்காமல், அவர் ஒரு படத்தை எடுத்துக் காட்டுகிறாரா என்று பாருங்கள். அவர் தடுமாறும் இடமெல்லாம் தாளில் திருத்த வேண்டிய இடம்.

எல்லாவற்றையும் பூட்டி வைக்கும் ஆர்வத்தில் நம்மில் பலர் செய்யும் பிழை ஒன்று உண்டு. லினக்ஸ் சேவையகத்தின் வட்டைக் கழற்றி விண்டோஸ் கணினியில் செருகினால், அது உள்ளே இருப்பதைப் படிக்க இயலாமல் ‘வட்டை வடிவமைக்கவா’ என்று கேட்கும். விவரம் அறியாதவர் சரி என்று அழுத்திவிட்டால் மீட்கப் பெரும்பாடு ஆகும். ஆகவே மற்ற நகல்கள் எப்படி இருந்தாலும், குடும்பப் படங்களின் ஒரு நகலை மட்டும் எல்லாக் கணினிகளும் படிக்கும் எக்ஸ்ஃபேட் வடிவில், மறையாக்கம் இல்லாமல், ஆண்டுவாரியாகக் கோப்புறைகள் போட்டுத் தனி வட்டில் வையுங்கள். அதை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து, வட்டின் மேலேயே ‘குடும்பப் படங்கள், எந்தக் கணினியிலும் திறக்கும்’ என்று எழுதி ஒட்டிப் பீரோவில் வைத்துவிடுங்கள்.